துண்டுக்குள் இருந்த கை

அய்யலூர் ஆட்டுச் சந்தையில் பாண்டியராஜ் வாய்விட்டு விலை சொல்லி யாரும் கேட்டதில்லை. அவருடைய பிழைப்பெல்லாம் துண்டுக்கு அடியில்தான். வியாழக்கிழமை காலையில் ஆட்டுக்காரனையும் வியாபாரியையும் எதிரெதிரே நிறுத்துவார். ஒவ்வொருத்தர் கையோடும் தன் கையைச் சேர்த்து மேலே துண்டைப் போர்த்துவார். அப்புறம் பேசுவதெல்லாம் விரல்கள். எந்த விரலை எப்படிப் பிடித்தால் எவ்வளவு என்பது பிடிக்கிறவனுக்கும் பிடிபடுகிறவனுக்கும் மட்டும் தெரியும். சுற்றி நிற்கிறவர்கள் முகத்தைப் பார்த்து ஊகிக்கப் பார்ப்பார்கள். தேர்ந்த தரகன் முகத்தில் எதுவும் தெரியாது. பாண்டியராஜ் துண்டுக்குள் கையை விட்டுக்கொண்டே, எதிரே போகிறவனிடம் அவன் மாமியாருக்குக் கண் ஆபரேஷன் முடிந்ததா என்று விசாரிப்பார்.

இந்தத் தொழிலுக்குச் சட்டப் புத்தகம் கிடையாது. இருப்பது ஒரே ஒரு சட்டம். பிடிக்கவில்லையென்றால் கையை உருவிக்கொள்ள வேண்டும். துண்டை எடுக்கிற வரைக்கும் கை உள்ளே இருந்தால் பேரம் முடிந்தது. அதற்கப்புறம் 'நான் சரின்னு சொல்லவே இல்லையே' என்று ஒருத்தன் ஆரம்பித்தால் சந்தை மொத்தமும் அவனைப் பார்த்துச் சிரிக்கும். கன்னிவாடிப் பக்கத்து ஆள் ஒருத்தர் அப்படித்தான் தன் கிடாவைத் திருப்பிக் கேட்டு அழுதேவிட்டார். "கை உள்ளதான இருந்துச்சு?" என்று கேட்டு அவரை மடக்கிய கதையைப் பாண்டியராஜ் கல்யாண வீட்டுப் பந்திகளில் சொல்லுவார். நன்றாகச் சொல்லுவார். சாம்பார் வாளியோடு நிற்கிறவன்கூட நின்று கேட்டுவிட்டுத்தான் போவான்.

அவருக்கு ஒரே மகள், தமிழ்மதி. டி.பார்ம் படித்துவிட்டுத் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு மெடிக்கலில் வேலை பார்த்தாள். டாக்டர் கையெழுத்தையே படிக்கிற பிள்ளை, அதற்கு எதைத்தான் படிக்கத் தெரியாது என்று சொந்த ஊரான அகரத்தில் அவர் சொல்லாத ஆள் பாக்கியில்லை.

காமராஜ் வீட்டிலிருந்து பெண் கேட்டு வந்தபோது அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. காமராஜ் அய்யலூர்ச் சந்தையில் பெரிய கை. லாரி லாரியாகக் கேரளாவுக்கு ஆடு ஏற்றுகிறவர். பாண்டியராஜ் முடிக்கிற பேரத்தில் பாதி, காமராஜ் வாங்குகிற ஆடுகளுக்குத்தான். மகன் முகேஷ்குமார் வடமதுரைப் பக்கம் ஆட்டுப்பண்ணை வைத்திருந்தான். ஆட்டுக்கு என்ன தீனி போடலாம், எப்போது குடற்புழு மருந்து கொடுக்கலாம் என்று யூடியூபில் பேசுவான். ஆட்டைப் பற்றி அம்புட்டுக் கனிவாகப் பேசுகிறவன் பெண்டாட்டியை எப்படி வைத்துக்கொள்வான் என்று ராமுத்தாய் மனசுக்குள் கணக்குப் போட்டாள். அவள் பாண்டியராஜின் மனைவி; கணக்கில் அவரைவிடக் கெட்டி.

மகளைக் கேட்டார்களா என்றால், கேட்டார்கள். மாப்பிள்ளை எப்படி என்று ராமுத்தாய் கேட்டாள். தமிழ்மதி அவன் போட்டோவைப் பார்த்துவிட்டு "ம்" என்றாள். கொஞ்சம் சிரிக்கவும் செய்தாள். மாசியில் தட்டு மாற்றியாகிவிட்டது. ஆவணியில் கல்யாணம்.

சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முகேஷ்குமார் காரில் வந்தான். பண்ணைக்குப் பக்கத்தில் புது வீடு கட்டுகிற இடத்தைக் காட்டிவிட்டு அழைத்து வருவதாகச் சொன்னான். ராமுத்தாய்தான் அனுப்பினாள், போகும்போது மகள் தலையில் பூ வைத்துவிட்டதும் அவள்தான். சாயங்காலம் இரண்டு பேரும் திரும்பினார்கள். மகள் நேரே பாத்ரூமுக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டாள். மாப்பிள்ளை ஹாலில் உட்கார்ந்து முறுகலாகத் தோசையும் நாட்டுக்கோழிக் குழம்பும் சாப்பிட்டான். தொட்டுக்கொள்ள வெஞ்சனம் இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கினான். "போயிட்டு வாரேன் அத்தை" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினான். உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. வெயில் காலம், புழுக்கம் என்று நினைத்துக்கொண்டார் பாண்டியராஜ். தொட்டி காலியாகிவிடும், மோட்டார் போட வேண்டும் என்றும் நினைத்தார்.

சில நாள் கழித்து அடுப்படியில் மிக்ஸியை ஓடவிட்டுக்கொண்டு ராமுத்தாய் அவரைக் கூப்பிட்டாள். மகள் காதில் விழக்கூடாது என்பதற்காகத்தான் மிக்ஸி.

"அந்தப் பையன் கொஞ்சம் அவசரப்பட்டுட்டான் போலங்க."

அவருக்குப் புரியவில்லை. என்ன அவசரம் என்றார். ராமுத்தாய் மிக்ஸிக்குள் சுற்றுகிற தேங்காயையே பார்த்தாள். அது அரைபட்டு முடிந்து வெகுநேரம் ஆகியிருந்தது. அப்போது புரிந்தது.

அவசரம் என்கிற சொல் அன்றைக்கு அந்த வீட்டுக்குக் குடிவந்தது. நடந்ததற்கு வேறு பெயர் இல்லாமலில்லை. பேப்பரில் போடுகிறார்கள், டிவியில் சொல்கிறார்கள். ஆனால் அந்தப் பெயர் வேறு ஊருக்கு, முள்ளுக்காட்டுக்கு, முகம் தெரியாதவனுக்கு. தட்டு மாற்றினவனுக்கு, உட்கார வைத்துத் தோசை ஊற்றினவனுக்கு அந்தப் பெயரை எந்த வாயால் சொல்வது?

ராமுத்தாய் தன் நியாயத்தைச் சொன்னாள். கட்டிக்கப் போகிறவன்தானே. நாலு மாதம் முந்திவிட்டான், அவ்வளவுதான். அம்புட்டுப் பிடிக்காமல் இருந்திருந்தால் இவள் எப்படி அவன் காரிலேயே ஏறித் திரும்பி வந்தாள்? பாண்டியராஜுக்கும் அந்தக் கேள்வி சரியாகத்தான் பட்டது. மாடிக்குப் போனார். மகள் கொடியிலிருந்து காய்ந்த துணியை எடுத்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்க்காமல், தூரத்தில் தெரிந்த தென்னந்தோப்பைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"வேண்டாம்னு சொன்னியா தாயி?"

"சொன்னேன்."

"அப்புறம்?"

"திரும்பவும் சொன்னேன். அவன் ரூம் கதவைச் சாத்தினான். அதுக்கப்புறம் சொல்லல."

"கத்தினியா?"

அவள் ஒரு சட்டையை மடித்தாள். மடித்ததை உதறித் திரும்பவும் மடித்தாள். "இல்லப்பா" என்றாள்.

பாண்டியராஜுக்கு மனசுக்குள் கொஞ்சம் நிம்மதி வந்தது. வரக்கூடாத நிம்மதி, ஆனாலும் வந்தது. தெரியாத ஊரில் வழி தவறினவனுக்குத் தெரிந்த பஸ் நம்பர் கண்ணில் பட்டது மாதிரி. கத்தவில்லை, உதறவில்லை, ஓடவில்லை. கை உள்ளேதான் இருந்திருக்கிறது. கீழே இறங்கி வந்து, நம்ம பக்கமும் தப்பு இருக்கு என்று ராமுத்தாயிடம் சொன்னார்.

தமிழ்மதி வேலைக்குப் போனாள், வந்தாள். தட்டில் சோற்றைப் பிசைந்துவிட்டு எழுந்து போனாள். அவனிடமிருந்து போன் வந்தால் அதை அரிசி டின்னுக்குள் போட்டு மூடினாள். அரிசிக்குள்ளிருந்து அது முனகுவதைக் கேட்டபடி மூன்று பேரும் டிவி பார்த்தார்கள். ஒரு புதன்கிழமை சாயங்காலம் அவள் வந்து அவர் எதிரே நின்றாள்.

"நாளைக்குச் சந்தையில அவங்க அப்பாவைப் பார்ப்பீங்கல்ல. இந்தச் சம்பந்தம் வேண்டாம்னு சொல்லிட்டு வாங்க. காரணம்கூடச் சொல்ல வேணாம். வேற ஒண்ணும் நான் கேக்கல."

ராமுத்தாய் விடவில்லை. பத்திரிகை அடிக்கக் கொடுத்தாகிவிட்டது, ஊர் வாயில் என்ன பெயர் வாங்குவாய், இதற்கப்புறம் எவன் வந்து உன்னைக் கேட்பான், கல்யாணம் ஆனால் எல்லாம் சரியாகப் போய்விடும் என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். மகள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அவன் இருக்கிற ரூமில் என்னால் மூச்சுவிட முடியாதம்மா என்று மட்டும் சொன்னாள்.

"எங்களையெல்லாம் யாரு கேட்டா?" என்றாள் ராமுத்தாய். சொல்லிவிட்டு விறுவிறுவென்று அடுப்படிக்குள் போய்விட்டாள்.

பாண்டியராஜ் காதில் அது விழுந்தது. இருபத்தாறு வருஷத்துக் குடித்தனத்தில் அவள் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவர் காதில் விழாத மாதிரி குனிந்து செருப்பைத் தேடினார். செருப்பு காலில்தான் இருந்தது. நிமிர்ந்து, சொல்லிட்டு வாரேன் தாயி என்று மகளுக்கு வாக்குக் கொடுத்தார்.

மறுநாள் பஸ்ஸில் போகும்போது வழிநெடுக ஒத்திகை பார்த்தார். இந்தச் சம்பந்தம் வேண்டாம். எங்களுக்குச் சரிப்படாது. கண்டக்டர் டிக்கெட் கேட்டபோது அதுவே வாயில் வந்துவிடுமோ என்று பயப்படுகிற அளவுக்கு மனப்பாடம்.

சந்தை நெரிசலாக இருந்தது. கோயில் விசேஷங்களுக்குக் கிடா பிடிக்க வந்த கூட்டம். காமராஜ் தன் லாரிக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் சேர் போட்டு உட்கார்ந்திருந்தார். இவரைக் கண்டதும் எழுந்து, நாலு பேர் திரும்பிப் பார்க்கிற மாதிரி "வாங்க சம்பந்தி" என்றார். பாண்டியராஜ், உங்ககிட்ட ஒரு விசயம் பேசணும் என்று ஆரம்பித்தார். காமராஜ் அவர் தோளில் கை போட்டு லாரிக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போனார். தெரியும் என்றார். பையன் சொல்லிவிட்டான் என்றார்.

"பய கொஞ்சம் அவசரக்காரன். எல்லாம் என்னைய மாதிரி."

சிரித்தார். ஆவணி வரைக்கும் எதற்கு இழுத்துக்கொண்டு, வைகாசிக் கடைசி முகூர்த்தத்திலேயே முடித்துவிடுவோம் என்றார். மண்டபம் அவர் பொறுப்பு. ஒரு வார்த்தை வெளியே போகாது. உங்க மானம் வேற, என் மானம் வேறயா என்றார். பேசிக்கொண்டே இவரை மறுபடியும் கூட்டத்துக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்திவிட்டார். இவர் வாயைத் திறக்கவும், "நம்ம தொழில் முறைப்படியே முடிச்சுருவோம்" என்று காமராஜ் தன் தோள் துண்டை எடுக்கவும் சரியாக இருந்தது. சம்பந்திகள் துண்டு போடுகிற வேடிக்கையை யாரும் பார்த்ததில்லை. கூட்டம் சேர்ந்துவிட்டது. திண்டுக்கல்லில் பிரியாணிக் கடை வைத்திருக்கிற சனாவுல்லா பாய், தான் வாங்கிய ஆடுகளை விட்டுவிட்டு முன்வரிசையில் வந்து நின்றார்.

துண்டுக்குள் காமராஜ் விரலைப் பிடிக்கவில்லை. மணிக்கட்டைப் பிடித்தார்.

"வைகாசிதான சம்பந்தி?"

உருவு என்று மனசு சொன்னது. வாழ்நாளெல்லாம் பார்த்த வேலை. பிடிக்காத விலைக்கு எத்தனையோ தடவை வெடுக்கென்று உருவின கைதான். இன்றைக்கு அது அவருடையது மாதிரியே இல்லை. யாரோ அங்கே வைத்துவிட்டு மறந்துபோன சாமான் மாதிரி கிடந்தது. பக்கத்தில் ஒரு வெள்ளாட்டங்குட்டி தாயைக் காணோம் என்று கத்திக்கொண்டிருந்தது. லாரியின் நம்பர் பிளேட்டில் ஒரு பக்கத்துத் திருகாணி கழன்றிருந்தது. காமராஜ் போட்டிருந்த வெற்றிலையின் வாசம் வந்தது. இதெல்லாம் துல்லியமாகத் தெரிந்தது. மனப்பாடம் பண்ணி வந்த வார்த்தை மட்டும் காணோம்.

"பாண்டியண்ணே மூஞ்சியப் பாருங்கடா, அசையுதான்னு" என்று யாரோ சொன்னார்கள். எல்லாரும் சிரித்தார்கள்.

காமராஜ் துண்டை எடுத்தார். கை அங்கேயே இருந்தது.

டீ சொன்னார்கள். பாண்டியராஜ் டீயை வாங்கிக் குடித்தார். ஒருத்தர் கேட்டதற்கு நல்லாயிருக்கு என்றும் சொன்னார்.

சனாவுல்லா அவரைத் தன் குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டார். பின்னால் ஆடுகள், முன்னால் இவர்கள் இரண்டு பேர். பாய் ஏகப்பட்ட சந்தோஷத்தில் இருந்தார். கல்யாணத்துக்குப் பிரியாணி தன் பொறுப்பு, வெளியாள் கை வைத்தால் தனக்குக் கெட்ட கோபம் வரும் என்றார். வடமதுரை தாண்டுகிற வரைக்கும் எத்தனை அண்டா என்பதைப் பற்றியே பேசினார்.

"நான் சம்மதிக்கல பாய்" என்றார் பாண்டியராஜ்.

பாய் சிரித்தார். அப்புறம் திரும்பிப் பார்த்தார். வண்டி கொஞ்சம் மெதுவானது.

"கை உள்ளதான பாண்டி இருந்துச்சு?"

"இருந்துச்சு. நான் வைக்கல. அதுவா இருந்துச்சு."

"சந்தையே சுத்தி நின்னுச்சு. நான் அங்கனதான் நின்னேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. ஏன் சொல்லல?"

அவர் அதட்டிக் கேட்கவில்லை. உள்ளபடியே புரியாமல்தான் கேட்டார். பாண்டியராஜ் பதில் தேடினார். பயமா? காமராஜ் அடித்துவிடப் போவதில்லை. பிழைப்பு போய்விடும் என்றா? அந்த நேரத்தில் பிழைப்பு ஞாபகத்திலேயே இல்லை. திண்டுக்கல் வருகிற வரைக்கும் தேடினார். கிடைக்கவில்லை. பின்னால் ஆடுகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு வந்தன.

மெடிக்கலுக்கே போய்விட்டார். கவுன்டரில் தமிழ்மதி கத்தரிக்கோலால் மாத்திரை அட்டையை வெட்டிக்கொண்டிருந்தாள். அப்பாவைப் பார்த்ததும் அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. பல நாளாகப் பார்க்காத வெளிச்சம். அதைத் தன் வாயால் அணைக்க வேண்டியிருந்தது அவருக்கு. கடை ஓரத்தில் ஜெனரேட்டர் பக்கமாக வந்து நின்று கேட்டாள்.

"சொல்லிட்டீங்களா?"

அவர் ஒன்றுவிடாமல் சொன்னார். துண்டு போட்டதை, மணிக்கட்டைப் பிடித்ததை, வைகாசி என்றதை. துண்டுச் சட்டம் அவளுக்கும் தெரியும், தரகன் மகள். கேட்டுக்கொண்டே வந்தவள் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"கை வரல தாயி" என்றார்.

திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது.

"ஏன் ஒண்ணும் சொல்லலைன்னு உங்கள யாராச்சும் கேட்டாங்களா?"

"சனாவுல்லா பாய் கேட்டாரு."

"என்ன சொன்னீங்க?"

"என்ன சொல்றதுன்னு தெரியலம்மா."

குத்திக்காட்டுகிறாள் என்றுதான் நினைத்தார். நிமிர்ந்து பார்த்தால் அவள் முகத்தில் அது இல்லை. வழி தெரியாத ஊரில் வழி கேட்கிற முகமாக இருந்தது.

"நெசமாத்தான்பா கேக்குறேன். என்னையும் எல்லாரும் அதைத்தான் கேக்குறாங்க. நீங்க கேட்டீங்க, அம்மா கேட்டாங்க. எனக்குச் சொல்லத் தெரியல. உங்களுக்கு ஏதாச்சும் தோணுச்சுன்னா சொல்லுங்க, நானும் அதையே சொல்லிக்குவேன்."

உள்ளே யாரோ சளி மருந்து கேட்டுக் கண்ணாடியைத் தட்டினார்கள். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய், குழந்தைக்கா பெரியவங்களுக்கா என்று விசாரித்தாள்.

அவர் நின்ற நிலையில் பஸ் ஏறித் திரும்பவும் வடமதுரைக்குப் போனார். காமராஜ் வீட்டு வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல், சம்பந்தம் வேண்டாம் என்று சொன்னார். இப்போது வார்த்தை வந்தது. காலையில் வராத வார்த்தை, யாருக்கும் பிரயோஜனமில்லாத நேரத்தில் தங்குதடையில்லாமல் வந்தது. காமராஜ் கோபப்படவில்லை. துண்டு போட்டு முடித்ததை உடைக்கிறவன் இனி அய்யலூரில் யார் துண்டுக்குள் கை விடுவான் என்று மட்டும் கேட்டார். சத்தம் கேட்டு முகேஷ்குமார் வெளியே வந்தான்.

"என்ன மாமா இது. அவளுக்குப் பிடிக்கலைன்னா சொல்லியிருக்கலாம்ல? அவ ஒண்ணுமே சொல்லலையே."

"சொன்னா. ரெண்டு தடவை சொல்லியிருக்கா."

"அது எல்லாப் பொண்ணும் சொல்றதுதான் மாமா" என்றான் அவன்.

திருட்டு முழியோ திமிரோ இல்லை. ஆட்டுக்கு எந்தத் தீனி ஒத்துக்கொள்ளும் என்று வீடியோவில் விளக்குவானே, அதே கனிவான முகம். தான் எதையும் எடுத்துக்கொண்டதாக அவனுக்குத் தெரியவே இல்லை. பாண்டியராஜ் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அதன் வார்ப்பு அவருக்குப் பழக்கமாக இருந்தது. கன்னிவாடிக்காரர் அழுதபோது சந்தையில் சிரித்த முகங்கள் எல்லாம் இப்படித்தான் இருந்தன, அவருடையதும். அதற்கும் முந்தி, கல்யாணமான புதிதில் ராமுத்தாய் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்த நாட்களில், தன் முகம் எப்படி இருந்தது என்று யோசிக்க ஆரம்பித்தார். அந்த யோசனையை மேலே கொண்டுபோகத் தைரியம் வரவில்லை.

அடுத்த வியாழக்கிழமை அவரைத் தேடி யாரும் வரவில்லை. ஆட்டைப் பிடித்துக்கொண்டு நின்றவர்கள் அவரைத் தாண்டிப் பார்த்துப் பேசினார்கள். பெண்ணுக்குத்தான் ஏதோ கோளாறாம், மாப்பிள்ளை வீட்டார் பெருந்தன்மையாக மூடி மறைக்கப் பார்த்தார்களாம் என்பது சந்தைக் கதை. அகரத்துக் கதை வேறு தினுசு. அதில் தமிழ்மதிக்கு மெடிக்கலில் ஒரு சிநேகிதன் இருந்தான். ஒரு கதையிலும் முகேஷ்குமாருக்கு வேலை இல்லை. அவன் வழக்கம்போல ஆடு வளர்த்துக்கொண்டிருந்தான்.

தமிழ்மதி புகார் கொடுக்கப் போகிறேன் என்றாள். பாண்டியராஜ், கோர்ட்டு கேஸ் என்று அலைய உன்னால் முடியுமா என்று கேட்க நினைத்தார். கேட்காமல் சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பினார். ராமுத்தாயும் புடவையை மாற்றிக்கொண்டு வந்து வாசலில் நின்றாள். ஏன் வருகிறாள் என்று அவரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

மகளிர் ஸ்டேஷனில் புகாரை எழுதி வாங்கிக்கொண்டு, சில நாள் கழித்து விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். அன்றைக்கு அவரை வெளியே பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். தாயும் மகளும் உள்ளே போனார்கள். ஜன்னல் திறந்திருந்தது. இன்ஸ்பெக்டரம்மா தன்மையாகத்தான் பேசினார். தண்ணீர் குடிம்மா என்றார், நிதானமாகச் சொல்லு என்றார். சுற்றி வந்து கடைசியில் அங்கேதான் வந்து நின்றார்.

"நான் நம்பாமக் கேக்கலம்மா. நாளைக்குக் கோர்ட்டுல முதல்ல இதத்தான் கேப்பாங்க. நீ ஏன் கத்தல?"

பாண்டியராஜ் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"தெரியல மேடம்" என்றாள் தமிழ்மதி. குரல் தெளிவாக இருந்தது. "தெரியலன்னே எழுதிக்கங்க."

அப்புறம் இன்ஸ்பெக்டரம்மா இன்னொன்று சொன்னார். அந்தத் தரப்பு வக்கீல் ஏற்கெனவே வந்து போய்விட்டாராம். சம்பவம் என்று இவர்கள் சொல்கிற நாளுக்கு அப்புறம், எல்லாம் தெரிந்தே பெண்ணின் அப்பா சந்தையில் நாலு பேர் முன்னிலையில் முகூர்த்தத்துக்குச் சம்மதித்திருக்கிறார், கைகொடுத்து டீயும் குடித்திருக்கிறார், குற்றம் நடந்திருந்தால் எந்த அப்பன் அப்படிச் செய்வான் என்பது அவர்கள் வாதம். பார்த்த சாட்சிகள் இருக்கிறார்கள். ஒருத்தர் பிரியாணிக் கடை பாய்.

முந்தின நாள் சனாவுல்லாவே போன் செய்து அதைச் சொல்லியிருந்தார். பார்த்தாயா என்று கேட்டார்கள், பார்த்தேன் என்று சொன்னேன், அல்லாவுக்குப் பயந்தவன், பார்த்ததைப் பார்க்கவில்லை என்று எப்படிச் சொல்வேன் என்றார். சொல்லும்போது அழுதுவிட்டார். பாண்டியராஜால் அவரைக் கோபித்துக்கொள்ள முடியவில்லை. பாய் சொன்னதில் ஒரு எழுத்துப் பொய்யில்லை.

மகள் வெளியே வந்தபோது அவர் எழுந்து நின்றார். நாளைக்கும் வரச் சொல்லியிருக்கிறார்கள் என்றாள்.

"வாரேன் தாயி. எல்லாத்தையும் நானே சொல்றேன்."

"நீங்க வேணாம்பா." கோபமாகச் சொல்லவில்லை. ரொம்பக் களைத்திருந்தாள். "அவங்க உங்களக் காட்டித்தான் பேசுறாங்க. உங்களப் பார்த்தா இன்னும் கேப்பாங்க. அம்மா வந்தாப் போதும்."

மறுநாள் காலையில் தாயும் மகளும் வீட்டுக்குப் பக்கத்துத் தாடிக்கொம்பு ஸ்டாப்பில் பஸ்ஸின் முன்படியில் ஏறினார்கள். பஸ் நகரும்போது பாண்டியராஜ் பின்படியில் தொற்றிக்கொண்டார். நடுவில் பூக்கூடைகளோடும் காலேஜ் பிள்ளைகளோடும் அவ்வளவு கூட்டம், அவர்களுக்குத் தெரியவில்லை. இறங்கிய பிறகும் தூரமாகவே போனார். ஸ்டேஷனுக்கு எதிரே ஒரு டீக்கடை இருந்தது. அங்கிருந்து பார்த்தால் கேட் தெரியும். கேட்டிலிருந்து பார்த்தால் டீக்கடை பெஞ்சு தெரியாது. அங்கே உட்கார்ந்துகொண்டார்.

கடைக்காரர் செத்த நேரம் பொறுத்து, எந்த ஊரு, யாருக்காகக் காத்திருக்கீங்க என்று கேட்டார். தாடிக்கொம்புப் பக்கம், நம்ம பிள்ளை உள்ளே போயிருக்கு என்றார் பாண்டியராஜ். போலீஸ் வேலையா என்று அவர் கேட்டார். இல்லை என்று தலையாட்டினார். கடைக்காரர் பாய்லரைப் பார்க்கப் போய்விட்டார். வெயில் ஏறி பெஞ்சுக்கு வந்தது. அவர் பெஞ்சின் அந்தக் கோடிக்கு நகர்ந்தார். மத்தியானச் சாப்பாட்டுக்குப் போன போலீஸ்காரிகள் திரும்பி வந்தார்கள். அவர் எழுந்திருக்கவில்லை.

சாயங்காலம் இரண்டு பேரும் வெளியே வந்தார்கள். ராமுத்தாய் மகளுடைய பையைத் தன் தோளில் மாட்டியிருந்தாள். மகள் ஏதோ சொன்னாள், ராமுத்தாய் அவள் தலையில் கலைந்திருந்த முடியை ஒதுக்கிவிட்டாள். இரண்டு பேர் கண்களும் வீங்கியிருந்தன. உள்ளே என்ன கேட்டார்கள், என்ன சொன்னாள், நாளைக்கும் வர வேண்டுமா என்று அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது. பத்தடி நடந்து ரோட்டைத் தாண்டினால் தெரிந்துவிடும். தாண்டவில்லை.

பஸ் வந்தது. அவர்கள் ஏறினார்கள். ஜன்னலோரம் மகள் தலை சாய்ந்தது தெரிந்தது. பஸ் கிளம்பியும் இவர் உட்கார்ந்தே இருப்பதைப் பார்த்து, தாடிக்கொம்பு பஸ்தான போகுது, அதை விட்டா அடுத்ததுக்கு ரொம்ப நேரமாகுமே என்றார் கடைக்காரர்.

ஆகட்டும் என்றார் பாண்டியராஜ்.